குழிமேட்டில்தான் ரேஞ்சு

மாலை ஏழு மணி. முதலமடைக்குத் தெற்கே, மலையடிவாரத் தோப்புகளுக்கு நடுவே ஒரு மண் பாதை. இரண்டு பக்கமும் மாமரம். விளக்கு கிடையாது, ஆள் கிடையாது. எப்போதாவது ஒரு டூவீலர் போகும். அது போன பிறகு, முன்பு இருந்ததைவிட இருட்டாகத் தெரியும்... அப்படிப்பட்ட பாதை.

அதில்தான் யோகப்பிரியா வேலை முடிந்து தினமும் நடந்து வருவாள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மாங்காய் ஏற்ற லாரி வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த அழுகல் கூடையை மட்டும் யாராவது வெளியே தள்ளி வையுங்கள். இந்தக் கதைக்கு அந்த வாடை ஆகாது.

இது கட்டிச் சொல்வதல்ல. இதோ, மூலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே வனிதாக்கா, அவளுடைய பெரியம்மா மகளுக்கு நடந்தது. தப்பாகச் சொன்னால் அவளே திருத்துவாள்.

யோகப்பிரியாவின் புருஷன் ஆனந்தகுமார் ஜெயிலில் இருந்தான். தோப்பு மோட்டாரைக் கழற்றி விற்ற கேஸ். அதற்கு முன்பே வேறு கேஸும் இருந்ததால் ஜாமீன் லேசில் கிடைக்கவில்லை. அவன் மாட்டிய அதே இரவில் தோப்புக் காவல்காரன் செங்கோட்டையனையும் காணவில்லை. ஒண்டிக்கட்டை. தேடுவதற்கு ஆள் கிடையாது. கூட்டுக் களவாணி, மோட்டார் விற்ற காசோடு மலை ஏறி ஓடிவிட்டான் என்று ஊரே சொன்னது. யோகப்பிரியாவும் அதைத்தான் நம்பினாள். மாங்காய் தரம் பிரிக்கும்போதெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே பிரிப்பாள்.

அவளுக்கு இருந்தது ஒரே நினைப்பு. புருஷனை எப்படியாவது வெளியே கொண்டு வர வேண்டும். நிலம் இருக்கிற இரண்டு பேர் நில வரி கட்டிய ரசீதோடு கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டால் விடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்காக எத்தனை வாசலில் நின்றாள் என்பது வனிதாக்காவுக்குத் தெரியும்.

ஜெயிலிலிருந்து சாயங்காலம் நாலு மணி வாக்கில் போன் வரும். அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு, நாம் திருப்பிக் கூப்பிட முடியாது. பேசிக்கொண்டே இருக்கும்போது பட்டென்று அறுந்துவிடும். ஒரு தடவை எடுக்கத் தவறினால் அந்த வாரமே போச்சு. அதனால் ஜெயிலில் ஆள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் போன் காதில் இருக்கும்.

இருட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது, மூன்றாம் குரலுக்குத்தான் சொல்ல வேண்டும்... நம் எல்லோருக்கும் சொல்லி வளர்த்ததுதான். யோகப்பிரியாவுக்கும் சொல்லி வளர்த்ததுதான். ஆனால் போன் மணிக்கு அதை யார் நினைப்பார்கள்?

சரி, போன் ரேஞ்சு. அந்தத் தோப்பில் ரேஞ்சு கிடைப்பது ஒரே இடத்தில். கழிவு மாங்காய் கொட்டும் குழி. அதன் ஓரத்து மேட்டில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். அடிபட்டது, வெடித்தது, புழு வைத்தது எல்லாம் கூடை கூடையாக அங்கேதான் விழும். வெயிலில் அது கொதிக்கும். மேலே மஞ்சளாக நுரை கட்டும். பக்கத்தில் போனாலே புளித்த கள் மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மாம்பழப் புழுவைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது ஊர்ந்து போகாது. வளைந்து, வாலைக் கவ்வி, டப்பென்று துள்ளும். அவள் மேட்டில் நிற்கும்போது காலில் துள்ளி விழும், பாவாடைக் கரையில் ஏறும். ஒரு கையால் தட்டிவிட்டுக்கொண்டே மறு கையால் போனைப் பிடித்துப் பேசுவாள்.

புருஷன் பேசுவது எப்போதும் ஒன்றுதான்.

“ஏ புள்ள, ஜாமீன் என்னாச்சு? குழி அப்படியே இருக்குதா? மாங்கா கொட்டறாங்களா?”

“கொட்டறாங்க. எதுக்குங்க அதக் கேக்கறீங்க?”

“கொட்டட்டும். நல்லா கொட்டட்டும். எவனாச்சும் மண்ணு வாரறேன்னு வந்தா எனக்குச் சொல்லு.”

பாவம், ஜெயிலுக்குள் இருந்தும் மனசு தோப்பில்தான் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு நாள், வேலை முடிந்து வரும்போது... ஏழு மணி இருக்கும். குழியைத் தாண்டுகிறாள். போன் அடித்தது.

முதல் மணி. எடுத்துவிட்டாள்.

தூரத்தில் தண்ணீர் குமிழி விடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, சளி அடைத்த தொண்டையிலிருந்து...

“சாப்புட்டயா, கண்ணு?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு நாளாவது அவன் அப்படிக் கேட்டது உண்டா? சோறு வைக்கத் தாமதமானால் தட்டு பறக்கும், அதுதான் தெரியும். ஜெயிலுக்குப் போய் மனுசன் திருந்திவிட்டான் என்று நினைத்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது, உண்மைதான். ஜெயில் போனில் எந்தக் குரல் நேராக வந்திருக்கிறது? எண்ணையும் பார்க்கவில்லை. யார் பேசுவது என்று கேட்கவும் இல்லை. “ஏனுங்க, நல்லாருக்கீங்களா?” என்றாள். “ம்...” என்றது.

“அண்ணா, பேய்க்கு ரீசார்ஜ் யாரு பண்றா?” என்று நம் ஜிபின் கேட்கிறான். சிரியுங்கள். முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து தினமும். நாலு மணிக்கு வருகிற போன் வந்தாலும் வராவிட்டாலும் ஏழு மணிக்கு வரும். அறுந்து போகாது. அவள் எவ்வளவு பேசினாலும் கேட்கும். மாம்பால் பட்டுக் கை வெந்தது, முதுகு வலி, மாமியார் பேச்சு, எல்லாம் சொல்வாள். அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் மட்டும் வரும். சளப்... சளப்... ஈரமாக.

“என்னங்க திங்கறீங்க?”

“மாங்கா. இங்க வேறென்ன கெடைக்குது?”

ஜெயிலில் மாங்காயெல்லாம் கொடுக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் செங்கோட்டையன் பேச்சு வந்தது. “உங்கள மாட்டி விட்டுட்டு அந்தக் கெழட்டு நாயி எங்க போயிச் செத்தானோ” என்று கத்தினாள். மெல்லுகிற சத்தம் நின்றது.

“அவன் எங்கயும் போகுல, கண்ணு...”

பிறகு மறுபடியும் சளப், சளப்.

போனை வைத்த பிறகு காது பிசுபிசுக்கும். வேர்வை என்று முந்தானையால் துடைப்பாள். துடைத்த இடத்தில் மாம்பால் கறை மாதிரி கருப்பாக இருக்கும்.

கடைசியில் தோப்புக் குத்தகைக்காரர் அஷ்ரஃப் பாய் மனம் இரங்கினார். இன்னொரு ஆளையும் அவரே சேர்த்துக்கொண்டு, நாளைக்குக் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தை நேரில் சொல்ல யோகப்பிரியா ஜெயிலுக்கு மனுப்போட்டுப் போனாள். கூடவே வனிதாக்காவும்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஆனந்தகுமார். இந்தப் பக்கம் இவள், வலையில் விரலை வைத்துக்கொண்டு. ஜாமீன் சேதியைச் சொன்னாள். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இவளும் சிரித்து, கொஞ்சம் வெட்கத்தோடு, “இனிமே ஏழு மணிக்குப் போனு பேச வேண்டியதில்ல. நேராவே ‘கண்ணு’ன்னு கூப்புடுங்க” என்றாள்.

“எந்த ஏழு மணி?”

“தெனமும் பேசறீங்களே...”

“கிறுக்கா உனக்கு? ஆறு மணிக்கு முன்னாலயே எங்கள உள்ள விட்டுப் பூட்டிருவாங்க. அதுக்கப்பறம் போனு ஏது?”

இப்போது பாருங்கள். புருஷன்காரன் என்ன கேட்க வேண்டும்? யாரவன், என் பொண்டாட்டியோடு பேசுகிறவன் யார் என்று கேட்க வேண்டும். சண்டைக்கு வர வேண்டும். அவன் அதைக் கேட்கவில்லை. வலையோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக...

“கண்ணுன்னா கூப்புட்டான்? சாப்புட்டயான்னு கேட்டானா?”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தோப்பில் வேலைக்கு வரும் எல்லோரையும் அப்படிக் கூப்பிட்டு, அப்படிக் கேட்டவர் காவல்காரர் ஒருத்தர்தான்.

“எங்க இருந்து பேசறேன்னு சொன்னானா, புள்ள?”

யோகப்பிரியா வலையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

“தெனமும் எதுக்குக் குழியக் கேட்டீங்க?”

“சத்தம் போடாத. நாளைக்கு வந்து நான் பாத்துக்கறேன். நீ போயி இன்னைக்கு ரண்டு கூடை சேத்துக் கொட்டச் சொல்லு. போ.”

அவ்வளவுதான். அவனோடு படுத்த பாயும், அவனுக்கு அள்ளி வைத்த சோறும், அவனுக்காகக் கும்பிட்ட கால்களும் ஒன்றாகத் திரண்டு அவள் தொண்டைக்கு வந்தன. ஜெயில் மதிலோரம் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வனிதாக்காதான் தலையைப் பிடித்துக்கொண்டாள். இல்லையா, வனிதாக்கா?

“ஆமாங்க. அதையெல்லாம் விட்டுட்டு மேல சொல்லுங்க.”

சரி. அன்று இருட்டியதும் அவள் நேராகக் குழிமேட்டுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். நாளைக்கு அவன் வெளியே வந்துவிடுவானே, அதற்குள் தெரிந்தாக வேண்டுமே. மேட்டில் ஏறி நின்றாள். புழு காலில் துள்ளியது, தட்டவில்லை.

போன் அடித்தது. எடுக்கவில்லை. நின்றது.

மறுபடியும் அடித்தது. கை தானாகப் போனது, மறு கையால் பிடித்துக்கொண்டாள். நின்றது.

மூன்றாம் முறை அடித்தபோது காதில் வைத்தாள். மெல்லுகிற சத்தம் இல்லை. மூச்சு மட்டும். கஷ்டப்பட்டு இழுக்கிற மூச்சு...

“கொஞ்சம் தள்ளி நில்லு, கண்ணு... நெஞ்சு மேல நிக்கறே.”

அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. அஷ்ரஃப் பாய் வாசலில் போய் விழுந்தாள். “பாய், ஜாமீன் வேண்டாம். கையெழுத்துப் போடாதீங்க. அந்தக் குழியத் தோண்டுங்க.”

மறுநாள் போலீஸ் வந்து, ஜேசிபி வந்து, தோண்டினார்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பழச்சாறு எது, மனுசன் எது என்று பிரித்து எடுக்க முடியவில்லையாம். அவள் தினமும் நின்ற மேட்டுக்கு நேர் கீழே செங்கோட்டையன். சட்டைப் பையில் போன் இருந்தது, ஊறி, இரண்டாக வெடித்து. வாய் திறந்தபடி. வாய் நிறைய மாங்காய்க் கூழ்.

மோட்டார் களவைப் பார்த்துவிட்டதற்காகக் கொன்றான் என்று கேஸ் கொலைக் கேஸ் ஆயிற்று. ஆனந்தகுமார் உள்ளேயே இருந்தான். யோகப்பிரியா தாலியைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். போன் எண்ணையும் மாற்றிவிட்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் அந்தக் கூடையை வெளியே வைக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

கார்த்திகை மாதம். மரத்தில் பூக்கூட வைக்காத காலம். ஜாமீனில் வந்த ஒருத்தன் இவளைத் தேடி வந்தான். ஆனந்தகுமார் இருக்கும் செல்லிலேயே இருந்தவன். “அவன் சோறே எடுக்கறதில்லீங்க. சாயங்காலம் பூட்டுனதும் வெறுங்கையக் காதுல வெச்சுக்கிட்டு ஒக்காந்துக்கறான். ஏதோ மெல்றான். வெடிஞ்சாப் பாயெல்லாம் பிசுபிசுப்பு. ஒரே மாங்கா நாத்தம். எங்களால அங்க படுக்க முடியல. ஒருக்கா வந்து பாருங்க.”

“வந்து அவன் மூஞ்சியில துப்பிட்டு வரேன்” என்று கிளம்பினாள். வனிதாக்காவும் போனாள்.

அதே வலை. அந்தப் பக்கம் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு இருந்தான். தாடையில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. இவளைப் பார்த்ததும் அழுதான். கையெடுத்துக் கும்பிட்டான். இவள் துப்புவதற்காக எச்சிலைச் சேர்த்தாள்.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த வாடை... புளித்து, இனித்து, வலையைத் தாண்டி வந்தது. நாக்கு அசையவில்லை. உதடு அசையவில்லை. தொண்டைக்கு உள்ளேயிருந்து குரல் மட்டும்...

“சாப்புட்டயா, கண்ணு?”

எத்தனை மாதப் பழக்கம்! முதல் மணிக்கே எடுத்த பழக்கம். யோசிப்பதற்குள் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. சேர்த்து வைத்த எச்சிலை விழுங்கிவிட்டு,

“சாப்புட்டனுங்க” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே வந்தாளாம். “என்னடி?” என்று வனிதாக்கா கேட்டாள். ஒன்றுமில்லை, ஏதோ நார் மாட்டியிருக்கிறது என்று விரலை விட்டு எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெள்ளையாக, அரிசி அளவு இருந்தது.

வளைந்தது. வாலைக் கவ்வியது. துள்ளியது.