களர் நிலத்துக்கு ஜிப்சம்

களர் நிலத்துக்கு ஜிப்சம் போடுவது நல்லது. எந்த வேளாண்மை அதிகாரியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். மாயக்காளிடம் நானும் அதைத்தான் சொன்னேன். அவள் நிலம் உண்மையிலேயே களர். இதில் பொய் எங்கே இருக்கிறது, இன்ஸ்பெக்டர்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

திருநகரைத் தாண்டி மூடிக்கிடக்கும் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கக் குளோரின் கலந்த திரவத்தை ஊற்றி ஊற்றி நிலத்தடி நீரையே கெடுத்துவிட்டார்கள். அதைச் சுத்தம் செய்ய வந்த குழுவில் நான்தான் மூத்தவன். தலைமையை மட்டும் சத்யப்ரியாவிடம் கொடுத்தார்கள். என்னிடம் வேலை பழகிய பெண்.

அவள் திட்டம் எளிது. காற்றுப் புகாத ஆழத்தில் ஒருவகை பாக்டீரியா அந்த விஷத்திலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிடும். அதற்குத் தீனியாகக் கரும்பாலைக் கழிவுப் பாகை உள்ளே இறக்கினால் போதும். தல்லாகுளத்தில் நடந்த கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நீரில் சல்பேட் சேர்ந்தால்? சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா வேறு உண்டு. முதல் பந்தியில் உட்கார்ந்து தீனியை எல்லாம் அதுவே தின்றுவிடும். நம்முடையது பசியோடு பாதியில் நிற்கும். அப்படி நின்றால் மிஞ்சுவது வினைல் குளோரைடு. பழைய விஷத்தைவிடக் கொடியது, புற்றுநோய் தருவது.

"இங்க சல்பேட்டே இல்லையே சார். சும்மா பயங்காட்டாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் சொன்னது சரிதான். அன்றைக்கு இல்லை.

ஜிப்சத்தில் இருப்பதே சல்பேட்தான். மாயக்காளின் வயல் மேட்டில், வீட்டுக் கிணறு பள்ளத்தில், நடுவில் தொழிற்சாலை. அவளே வண்டி வண்டியாக வாங்கிக் கொட்டினாள். மழையும் நன்றாகப் பெய்து அதைக் கரைத்து நிலத்தடிக்கு இறக்கியது. நான் ஒரு பிடிகூடக் கையால் தொடவில்லை.

கிணற்றைச் சோதிப்பது என் பொறுப்பு. வினைல் குளோரைடு ஏற ஏற நான் வாய் திறக்கவில்லை. பரிசோதனையை நடுவில் கெடுப்பது அறிவில்லாதவன் வேலை.

மாயக்காள்தான் கேட்டாள். "சார், தண்ணி என்னமோ கூமுட்ட வாடை அடிக்குது. மருமக மாசமா இருக்கா. குடிக்கலாம்ல?"

சல்பேட்டைத் தின்ற பாக்டீரியா விடும் வாடை அது.

"பானையில ஊத்தி நன்னாரி வேரப் போட்டு வைங்க, வாடை தெரியாது" என்றேன். அப்படியே செய்தார்கள். மருமகள் முனீஸ்வரி எனக்கும் ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டினாள். தாகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

முனீஸ்வரிக்குக் குழந்தை தங்கவில்லை. வருத்தம்தான், நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் சத்யப்ரியாவின் திட்டம் தோற்றதை இன்று யாராலும் மறுக்க முடியாது. அன்று சிரித்தவர்கள் இப்போது என்னிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள்.

அந்தத் தண்ணீரால்தான் குழந்தை போனது என்கிறீர்கள். ஒரே ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு அப்படி முடிவுக்கு வரக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். அதற்காகத்தான் பக்கத்து நிலத்துப் பேயாண்டியிடமும் ஜிப்சம் போடச் சொன்னேன். அவர் மகளும் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நீங்கள்தான் அவசரப்பட்டு அவர் கிணற்றைப் பூட்டிவிட்டீர்கள்.