பச்சை படிந்த செயின்

மரக்காணத்தில் ஏறிய இரண்டு உப்பளத்துப் பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் தாலிச்செயினை முந்தானையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“தங்கம் பச்ச புடிக்குமாக்கா?”

“புடிக்காது. நானும் உப்புத்தண்ணியிலதான நிக்கிறேன், என்னுது அப்படியே கெடக்குது. கவரிங்குதான் மேல்பூச்சு போயி, உள்ள இருக்குற செம்பு பச்ச புடிக்கும். யாருகிட்டயாவது கழட்டிக் குடுத்தியா?”

“அவருதான் பாலிஷ் போடணும்னு வாங்கிட்டுப் போனாரு.”

“கேட்டியா?”

பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டிவிட்டது. கை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தது.

“கேக்கலக்கா. கல்யாணமானதுலேர்ந்து ஒரு நாளும் சொல்லாத மனுஷன், நேத்து என் கழுத்தையே பாத்துட்டு, ‘இனிமே அளத்து வேலைக்குப் போவாத, உப்புத்தண்ணி ஒடம்புக்கு ஆவாது’ங்கிறாரு.”