பத்து வழியும் ஒரு குதிரையும்

அங்க இல்லீங்க அமீனாய்யா, இந்தாண்ட வந்து குந்துங்கோ. அங்க குந்துனா குதிர வாலு மூஞ்சியில படும். வாலு பட்டா தொடச்சிக்கலாம், இன்னொருக்கா காலு பட்டா கோர்ட்டுக்கு நான் இல்ல பதில் சொல்லணும்? அவ ஒதைச்ச எடத்துல வலி எப்டி கீது? முட்டிக்குக் கீழதானே பட்டுச்சு, நல்ல வேள. வெளக்கெண்ண போட்டு நீவி வுடட்டா? வேணாமா? சரி, வேணாம்.

நீங்களே சொல்லுங்க, நான் உள்ள வராதீங்கன்னு சொன்னேனா? வந்ததும் கதவ நல்லா தெறந்து வுட்டு கும்புடு போட்டேன். ஜப்தி பண்ண வந்துக்கீறீங்க, குதிரதானே, தோ நிக்கிறா, தாராளமா இட்டுனு போங்கன்னேன். வழிய அடைச்சிகினு நிக்கிறது அவதான். வெள்ளச்சின்னு பேரு. முன்னால நடப்பா, பின்னால நடக்கத் தெரியாது. வூட்டுக்கோ ஒரே வாசல். மூஞ்சியாண்ட எங்க வூட்டுக்காரரு நின்னு தடவிக் குடுத்து, செல்லம் கொஞ்சி தள்ளுனாதான் வெளிய வருவா. அவுரு புல்லுக்கட்டு வாங்கப் போயிக்கீறாரு. அதான் ஒங்க சேவகரு, லஸ்ஸாண்ட ஜட்கா ஸ்டாண்டுல குதிர புடிக்கத் தெரிஞ்ச ஆளா ஒருத்தன இட்டாறேன்னு போயிக்கீறாரே. வந்துருவாரு. அதுவரிக்கும் வெயில்ல நின்னு இன்னா பண்ணப்போறீங்க? இந்தாங்க, மோரு. தொட்டா தோஷம் ஒண்ணுமில்ல, நல்லா கழுவுன லோட்டாதான்.

லாயம் இருக்கச்சொல்ல வூட்டுக்குள்ள எதுக்கு கட்டுனேங்கிறீங்களா? லாயத்துல கொசு, சாமி. குதிரைக்கி கொசுக்கடி ஆவாது. சிரிக்காதீங்க, மெய்யாலுமே ஆவாது.

நீங்க படிச்ச மனுசன். ஒங்களாண்ட ஒரு நாயம் கேக்கணும்னு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு மூர் மார்க்கெட்டுல நாலணா குடுத்து ஒரு பொஸ்தகம் வாங்கியாந்தாரு. கடன் தீர பத்து வழியாம். அட்டையில எழுதுனவரு போட்டோ. கோட்டு, தலப்பா, இடுப்பாண்ட தங்கச் சங்கிலி கடியாரம். அந்த மூஞ்சிய பாத்தா ஆயுசுல ஒருத்தனாண்டயும் கை நீட்டுன மாதிரி தெரியல. நம்மளுக்கு வழி சொல்ல வந்துட்டாரு. ஆனா கேளுங்க, நான் அத சும்மா தூக்கிப் போடல. எங்க வூட்டுக்காரரு மூணாங் கிளாசு. ராவுக்கு ஒரு வழின்னு எழுத்துக் கூட்டிப் படிப்பாரு, அத மறுநா நாங்க செஞ்சு பாப்போம். முக்கியமான வழிய மட்டும் இப்டி இப்டின்னு நான் சொல்லுவேன். தேறுமா தேறாதான்னு நீங்க சொல்லணும்.

மொத வழி, யார் யாருக்கு எவ்ளோன்னு ஒரே எடத்துல எழுதி கண்ணு முன்னால வையி, அப்ப பயம் போயிரும்ன்னு போட்டுக்கீது. சண்டக் காலத்துல காயிதம் இன்னா வெல விக்கிது? இவுரு கரித்துண்டு எடுத்து வாசப்பக்கம் தெருச்சுவத்துல எழுதிட்டாரு. தெருவே நின்னு படிச்சிச்சு. பாலுக்கார தங்கம் வந்து ஒரே ரகள. மூணு ரூபாதான் குடுத்தேன்னா எம்பேர கடைசியில போடுவியான்னு. கடன் குடுத்ததுலகூட மருவாதி பாக்குறாங்க பாருங்க. கொள்ளு மண்டி ஷாஹுல் ஹமீது பாய் வந்தாரு, சுவத்த பாத்தாரு. பதினாலுன்னு எழுதிக்கீறியே பாஞ்சாலி, போன மாசம் ரெண்டு குடுத்தியே, பன்னெண்டு ஆக்குன்னு சொல்லிட்டு அவரே எச்சி தொட்டு அழிச்சாரு. அதனால மொத வழியில எங்களுக்கு ரெண்டு ரூபா லாபம். அத நான் கொற சொல்லமாட்டேன்.

ரெண்டாவது, செலவ கொற. வெத்தல பாக்க நிறுத்து, காப்பிய நிறுத்து, டிராமாவ நிறுத்து, வேலக்காரிய நிறுத்து. அய்ய, நானே நாலு வூட்டுல வேலக்காரி! நான் யார நிறுத்தறது? இதுல கூத்து இன்னான்னா, அந்த வாரமே வடக்கு மாட வீதி அம்மா என்ன கூப்புட்டு, பாஞ்சாலி, அடுத்த மாசத்துலேருந்து வேணாம்டீ, நானே பாத்துக்கறேன்னாங்க. போகச்சொல்ல பாக்குறேன், ஊஞ்சப் பலகையில அதே பொஸ்தகம். அதே தலப்பா என்ன பாத்து சிரிச்சிகினு கீது. அவங்க கடன் தீர்ற வழி, எனக்கு மாசம் ரெண்டு ரூபா நட்டம். இது தேறாதுன்னு நான் அப்பவே கோடு போட்டுட்டேன்.

இன்னா, சேவகர இன்னும் காணமா? வருவாரு. லஸ்ஸு இங்கேருந்து எட்டி இல்ல போவணும்? மோரு இன்னொரு லோட்டா ஊத்தட்டா?

நாலாவது வழிதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. சின்னக் கடன மொதல்ல தீத்துடு, ஒவ்வொண்ணா போவப்போவ மனசுக்கு தெம்பு வரும்ன்னு. அது நெசம் அமீனாய்யா. தங்கத்துக்கு மூணு ரூபா குடுத்தோம், சுவத்துல அவ பேரு மேல சுண்ணாம்பு அடிச்சோம். வெத்தலக் கடைக்கி குடுத்தோம், அடிச்சோம். லாடம் கட்டறவனுக்கு குடுத்தோம், அடிச்சோம். பாய்க்கு பன்னெண்டையும் குடுத்தன்னிக்கி, அவரு பேர அழிக்கச்சொல்ல எனக்கு அழுகையே வந்துருச்சு. சந்தோசத்துல. நம்மளாலயும் ஆவும்ன்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சுது. அந்த ஒரு வழிக்காக அந்த தலப்பாக்காரருக்கு கற்பூரம் காட்டலாம்.

ஆனா சுவத்துல மிச்சம் இன்னா? சுண்ணாம்புக்கு நடுவுல ஒரே ஒரு பேரு, கொட்ட எழுத்துல. சுப்புராய மேஸ்திரி, எரநூத்தம்பது. அதான் ஒங்கள அனுப்பிக்கீற மகராசன்.

அந்தக் கடன் எப்டி வந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா? கேளுங்க. ரெண்டு வருசம் முந்தி சப்பான்காரன் குண்டு போடப்போறான்னு பட்டணமே ஓடுச்சே, நீங்களும் ஓடியிருப்பீங்க. எந்த ஊருக்கு? செங்கல்பட்டா? சரி. அப்ப எங்க வூட்டுக்காரரு கை ரிக்‌ஷா இழுத்துகினு இருந்தாரு. எழும்பூருக்கு எட்டணா வாங்குற ஜட்காக்காரன் அன்னிக்கி பத்து ரூபா, பதினஞ்சு ரூபா வாங்குறான். இவுருக்கு கண்ணு விரிஞ்சு போச்சு. பாஞ்சாலி, ஒரு குதிர இருந்தா ஒரு வாரத்துல வூடே கட்டிருலாம்ன்னாரு. ஓடிப்போய் மேஸ்திரியாண்ட புரோநோட்டு எழுதிக் குடுத்து எரநூத்தம்பது வாங்கி, வண்டியும் குதிரையுமா ஓட்டியாந்தாரு. மறுநா காலீல வண்டிய பூட்டிகினு லஸ்ஸுல போய் நிக்கிறாரு. ஒரு ஈ காக்கா இல்ல. போறவன் எல்லாம் போயிட்டான்! மெட்ராசுல மிச்சம் நாங்களும், கோயில்ல கபாலியும், இந்தக் குதிரையும். மூணு மாசம் ஒரு சவாரி கெடையாது. கடன்ல குதிர வாங்கி, ஆள் இல்லாத ஊருல ஓட்டுன ஒரே ஆளு எங்க வூட்டுக்காரருதான்.

சிரிங்க, சிரிங்க. இப்ப நானே சிரிக்கிறேன். அப்ப சிரிக்கல. இவளுக்கு கொள்ளு வாங்கிப் போட்டுட்டு நாங்க கஞ்சித் தண்ணி குடிச்சோம்.

அப்புறம் சனம் திரும்பி வந்துச்சு. பெட்ரோலுக்கு ரேசன் போட்டான். காரு வச்சிக்கீற பெரிய மனுசாள்லாம் வண்டி ஏற ஆரம்பிச்சாங்க. அதுலேருந்து வெள்ளச்சிக்கு சுக்கிர தெச. நல்ல நாளுன்னா மூணு ரூபா, முகூர்த்த நாளுன்னா அஞ்சுகூட. அதுலதான் சின்னக் கடன்லாம் தீந்துச்சு.

இப்ப ஏழாவது வழிக்கி வர்றேன். இதுக்குத்தான் ஒங்களாண்ட நாயம் கேக்குறேன். கடன் குடுத்தவனப் பாத்து ஒளியாத, நேரா அவனாண்ட போ, உள்ளத உள்ளபடி சொல்லு, வருமானம் இவ்ளோ, மாசம் இவ்ளோ தர்றேன்னு பேசு, அவனும் மனுசன்தானேன்னு போட்டுக்கீது. படிக்கச்சொல்ல எனக்கே நெஞ்சு இளகிப் போச்சு. எங்க வூட்டுக்காரரு வேணாம்ன்னாரு. நான்தான் தல வாரிகினு, பூ வச்சிகினு, வெத்தல பாக்கு தட்டோட போனேன். மேஸ்திரி, பயப்படாதீங்க, குதிர இப்ப நல்லா ஓடுது, தெனம் மூணு ரூபா கொண்டாருது, முன்னூறு ரூபாக்கி கேட்டாங்க நாங்க குடுக்கல, மாசம் முப்பது ஒங்களுக்கு தர்றோம்ன்னு எல்லாத்தையும் கொட்டுனேன்.

அவரு அதுவரிக்கும் இன்னா நெனச்சிகினு இருந்தாராம் தெரியுமா? அந்தக் குதிர அப்பவே பட்டினியில செத்துப்போச்சு, கடன் வாராக்கடன்னு! நான் போய்த்தான் குதிர உசுரோட கீது, அதுக்கு முன்னூறு ரூபா வெலையும் கீதுன்னு வாய்ல சக்கரைய போட்ட மாதிரி சொல்லிட்டு வந்தேன். அம்மாடீ, நல்ல சேதி சொன்னேன்னு தட்ட வாங்கி வச்சிகினாரு. மறுவாரம் வக்கீல் நோட்டீசு. அப்புறம் கேசு, டிக்கிரி. இன்னிக்கி நீங்க. இந்த நாக்குதான் இவள கோர்ட்டுல கொண்டும்போய் நிறுத்துச்சு. வேற யாரையும் சொல்ல மாட்டேன்.

இல்ல, அழல. வெயில்ல கண்ணு கூசுது.

ஒரே ஒரு விசயம் மட்டும் வெளையாட்டு இல்லாம சொல்லிர்றேன். ரிக்‌ஷா இழுக்கச்சொல்ல எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு வாட்டி இருமல்ல ரத்தம் வந்துச்சு. ராயப்பேட்டா ஆஸ்பத்திரியில இனிமே இழுத்தா ஆளு தேறமாட்டான்னு சொல்லிட்டாங்க. இவ போனா அவுரு இன்னா பண்ணுவாரு? மறுபடியும் போய் ரிக்‌ஷா கட்டய புடிப்பாரு. சொன்னா கேக்குற ஆளு இல்ல. ஒரு மழக்காலம் தாங்காது. மேஸ்திரிக்கு அது வெறும் குதிர. எனக்கு இவதான் எம்புருசன் மூச்சு. அவ்ளோதான். அத வுடுங்க.

ஒம்போதாவது, கடன் வாங்கி கடன அடைக்காத. நல்ல பேச்சு. எங்களுக்கு இன்னொருத்தன் குடுத்தா இல்ல அடைக்கிறதுக்கு? பத்தாவது, தவண கேளு. எரநூத்தம்பது வட்டியோட முன்னூத்தி சொச்சம் ஆவுது. ஒன்ர மாசம் வுட்டா வைகாசி முகூர்த்தத்துல பாதியக் கட்டிருவோம், மிச்சத்துக்கு மண்டி பாய் ஜாமீன் நிக்கிறேன்னாரு. மேஸ்திரி கால்ல வுழுந்து கேட்டேன். ஒரு நாளுகூட கெடையாதுன்னுட்டாரு. ஆக, பத்தாவதும் தேறல. நீங்க இன்னா சொல்றீங்க? பொஸ்தகத்து மேல தப்பில்லியா? ஆளப் பாத்து பேசத் தெரியாத எம்மேலதான் தப்பா? அதுவும் சரிதான். நல்ல நாயம் சொன்னீங்க. நீங்க நல்ல மாதிரி மனுசன்.

அட, பள்ளிவாசல்ல பாங்கு சொல்றாங்க! பேச்சு சுவாரசியத்துல நேரம் போனதே தெரியல பாருங்க. சூரியன் வுழுந்துருச்சு.

எங்க எந்திரிச்சிட்டீங்க? உள்ளயா? குந்துங்க, அமீனாய்யா. நான் தடுக்கல, சத்தியமா தடுக்கல. தடுத்தாத்தான் கதவ ஒடச்சிகினு வரலாமே, அது எனக்குத் தெரியும். சட்டம்தான் தடுக்குதாம். சூரியன் வுழுந்தப்புறம் மனுசாள் குடியிருக்கிற வூட்டுக்குள்ள ஜப்திக்கு கால் வைக்கக் கூடாதாமே? லாயம்ன்னா அந்த அளவுக்கு காபந்து கெடையாதாம். வெள்ளச்சி நிக்கிறது நாங்க பாய் போட்டு படுக்கிற எடம். தெனம் எங்க வண்டியில கோர்ட்டுக்கு போற வக்கீல் குமாஸ்தா கல்யாணராமன் சாரு சொன்னாரு. மூணு மாசம் அவருக்கு ஓசி சவாரி.

நாளைக்கா? நாளையிலேருந்துதான் கோர்ட்டு கோடை லீவாச்சே. ஒங்க காயிதத்துல போட்டுக்கீற தேதியும் இன்னியோட முடியுதாம். இனிமே லீவு முடிஞ்சு கோர்ட்டு தெறக்கணும், மேஸ்திரி புதுசா மனு போடணும். ஒன்ர மாசம் ஆவும். தவண கேட்டேன், குடுக்கல, அதான் நானே கொஞ்சம் எடுத்துகினேன்.

ஒங்க சேவகரப் பத்தி கவலப்படாதீங்க. லஸ்ஸு ஸ்டாண்டுல இருக்கிற அத்தினி பேரும் எங்க வூட்டுக்காரருக்கு கூட்டாளிங்க, ஒருத்தன்கூட வந்து இவள புடிக்க மாட்டான். எங்க வூட்டுக்காரரு புல்லு வாங்கப் போவல, அங்கதான் கீறாரு. இந்நேரம் ஒங்க சேவகருக்கு மூணாவது டீ வாங்கிக் குடுத்துகினு இருப்பாரு.

கோவமா? சிரிக்கிறீங்க இல்ல? எனக்குத் தெரியும், மொத லோட்டா மோருலயே தெரியும். பாத்து போங்க, குண்டுக்கு பயந்து தெருவெளக்குக்கெல்லாம் கறுப்பு மூடி போட்டுட்டான், வழியில பள்ளம் கீது. காலு வேற நொண்டுது. நாயமா பாத்தா நம்ம வண்டியில ஏத்தி ஒங்கள வூட்டாண்டயே கொண்டும்போய் வுடணும். ஆனா அதுக்கு வெள்ளச்சிய வெளிய இல்ல கொண்டாரணும்? நடந்தே போயிருங்க, நைனா.