வெள்ளி இலைச் செடிக்கு எழுதிய அட்டை

அந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் வேர் அழுகிவிடும் என்று தங்கையிடம் பலமுறை சொல்லிவிட்டேன், ஐயா. கேட்கமாட்டாள். புருஷன் கடைசியாகப் பார்த்த செடியின் கன்று என்று தொட்டியில் வைத்து, காலையும் மாலையும் ஊற்றுகிறாள்.

இலை வெள்ளி என்கிறார்கள். உண்மையில் பச்சைதான். வெயிலைத் திருப்பி அனுப்ப மேலே பஞ்சு போல நுண்ணிய ரோமம். நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியும். பாலைவனத்தில் மாதக்கணக்கில் செத்ததுபோல் நிற்கும். காற்றில் ஈரம் ஏறினால் மறுநாளே செடி முழுக்க ஊதாப் பூ. எங்கோ மலையில் மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழு வருடம் அலைந்து இந்தச் செடியையும் அதன் இந்தக் குணத்தையும் கண்டுபிடித்தவன் நான். ஆராய்ச்சிக் கூடத்தில் செடிகளை அழுத்திக் காயவைத்து ஒட்டுவது என் வேலை. மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், அங்கே ஆராய்ச்சியாளர். புது இனம் என்று அறிவிக்க அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கேட்டேன்.

"கடைசியில உங்களுக்கு ஒரு நன்றி போட்டிருக்கேனே மச்சான், அது போதாதா?" என்று சிரித்தார்.

கெட்ட மனிதர் இல்லை. என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார். மழை விஷயத்தை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. அது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கட்டுரையை முடிக்கப் பூ வேண்டியிருந்தது. இருவரும் பாலைவனத்துக்குப் போனோம். முதல் நாள் மொட்டுகூட இல்லை. மறுநாள் காலை எல்லாச் செடியும் பூத்திருந்தது. மதிய வெயில் தாங்காமல் அவர் காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி, கரை நிழலில் துண்டை விரித்தார்.

"மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வருது மச்சான். மழை வருமா?"

"இங்க எங்க மழை. தூங்குங்க மாப்பிள்ளை, நாலு மணிக்கு எழுப்புறேன்."

அங்கே ஒரு துளிகூட விழவில்லை. நான் சொன்னது பொய்யாகவில்லை.

பிறகு பறித்த கிளைக்கு, எப்போது, எந்த நிலையில் பறித்தது என்ற விவர அட்டை எழுதினேன். அட்டையைப் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுவது எங்கள் வேலையில் தப்பு. பகல் ஒன்றரை மணி. முழுதும் பூத்த நிலை. காற்றில் ஈரம். மலையில் மழை. இப்போது ஸ்டேஷனில் உங்கள் மேசையில் இருப்பது அதுதான். முதலில் விசாரித்தபோது எதையும் கவனிக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல முடிந்தது. அட்டையில் அப்படி எழுதக் கை வரவில்லை.

மூன்று மணிக்கு முன்பே மலையிலிருந்து ஆற்றில் வெள்ளம் வந்தது. அவர் எழுந்து நின்று "மச்சான்" என்று ஒருமுறை கூப்பிட்டார். கத்தவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதுபோல்தான் இருந்தது.

தொட்டிச் செடி இந்நேரம் அழுகியிருக்க வேண்டும். அழுகவில்லை. காற்று வறண்ட நாளிலும் பூக்கிறது. பூக்கும்போதெல்லாம் தங்கை வந்து, "அண்ணா, மழை வருமா?" என்கிறாள். அவர் கேட்ட அதே குரலில்.

செடிகளை வைத்து அழுத்தும் பலகையை ஆற்றுக்குள்ளிருந்து எப்போது கரைக்கு ஏற்றினாய் என்று கேட்டீர்கள். அவர் கண்ணயர்ந்ததும். முதல் நடை பலகை. இரண்டாம் நடை காகிதக் கட்டும் அட்டைகளும். மூன்றாவது நடைக்கும் நேரம் இருந்தது. மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு காகிதம்கூட நனையவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.