மடியோடு உரித்த தோல்

மாலை ஏழு மணி. கனகராயன்குளத்திலிருந்து மேற்கே மூன்று மைல் காட்டுப் பாதை. வீரகத்தி தனியே நடந்து வந்தார். நம் கனகலிங்கத்தின் மைத்துனர், தெரியும்தானே. ஐம்பத்தெட்டாம் ஆண்டு. தோளில் ஒரு சாக்கு. அதற்குள் தோல் பதனிட ஆவாரம்பட்டை.

பின்னால் ஒரு குரல். மெல்லிய, கீச்சென்ற குரல்... நின்றார். அதுவும் நின்றது. நடந்தார். மறுபடியும்... மான்குட்டி. பத்து நாளைக்கு முன் அதன் தாயைச் சுட்டவர் அவர்தான்.

பாலூட்டும் மானை நம் பக்கத்தில் சுடுவதில்லை. தவறிச் சுட்டுவிட்டால், மடியை வெட்டி, விழுந்த இடத்திலேயே புதைத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தூக்குவார்கள். வீரகத்தி வெட்டவில்லை. மனைவி இரஞ்சிதத்துக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கஞ்சித் தண்ணீரைக் கக்கியது. முழுத் தோலுக்கு மூன்று டின் பால்மா தருவதாக வவுனியா வியாபாரி ஒருவன் சொல்லியிருந்தான். ஓட்டைத் தோலை அவன் எடுக்கமாட்டான்.

வேலிவரை வந்த குரல் அங்கே நின்றுவிட்டது.

யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிடுங்கள்.

தோல் பத்து நாள் வெயிலில் காய்ந்து பலகையாகியிருந்தது. காய்ந்த தோலைச் சுரண்ட முடியாது. அதனால் காலையிலேயே உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். இப்போது முற்றத்தில் விளக்கை வைத்து, மரக்குற்றியில் விரித்து, மொட்டைக் கத்தியால் உட்புறச் சவ்வை வழித்தார். சளிபோல உருண்டு வந்தது. அழுகிய கொழுப்பு நகக்கண்ணில் ஏறியது.

கத்தி மடிக்கு வந்தது. அந்த இடம் மட்டும் இளஞ்சூடு... அழுத்தினார். வெள்ளையாகக் கசிந்தது. புளித்த பால் நாற்றம். விரலிடுக்கில் நூல் நூலாக ஒட்டியது. வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

இரஞ்சிதம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நரியைக் கட்டியிருந்தாலும் இவ்வளவு நாறியிருக்காது. உந்த மடியை வெட்டி எறியுங்கோ."

"வெட்டினால் பால்மா இல்லை."

தோலைக் குற்றியிலேயே விட்டுவிட்டு, கதவுத் தட்டியை உள்ளே கட்டிப் படுத்தார்கள்.

அன்றிரவு பிள்ளை அழவில்லை. பிறந்ததிலிருந்து அது அழாத இரவே இல்லை. இருவரும் அடித்துப் போட்டதுபோல் உறங்கினார்கள்.

விடிந்தபோது, பிள்ளையின் ஏணைத் தொட்டிலுக்குக் கீழே தோல் கிடந்தது. குற்றியிலிருந்து அதுவரை ஈரக் கோடு. தட்டி கட்டியபடியே இருந்தது. மடி சுருங்கி வற்றியிருந்தது.

பிள்ளையின் வயிறு புடைத்திருந்தது. வாயோரம் வெள்ளை. இரஞ்சிதம் வாய்க்குள் விரலை விட்டாள். நாக்கில் ஒட்டியிருந்ததை இழுத்தெடுத்தாள்... செம்மண் நிற மயிர்.

மார்பில் போட்டுப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வீரகத்தி தோலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அப்போதுதான் பிள்ளை அழத் தொடங்கியது... தோல் போன பக்கம் தலையைத் திருப்பி.