போட்டாச்சு, போட்டாச்சு

“ஹலோ... ஆமாக்கா, நான்தான்... என் போனை வேற யாரு எடுப்பா?... போட்டாச்சு... ஊசி போட்டாச்சுக்கா, மெசேஜ் அனுப்பினேனே, வரலையா?... வந்துச்சுல்ல, அப்புறம் என்ன... சரி சரி, சீக்கிரம் சொல்லு. இன்னும் இருபது நிமிஷத்துல மேடை ஏறணும்.”

நாலாவது மாடியில், கூட்ட அரங்கை ஒட்டிய சாமான் அறையில் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார் பயிற்சியாளர். சுற்றிலும் மடக்கு நாற்காலிகள், சுருட்டி வைத்த பேனர்கள், கால் உடைந்த ஒரு வெள்ளைப் பலகை. அந்த அலுவலகத்தின் ‘நேர ஒழுங்கு மற்றும் தன்னாளுமைப் பயிற்சித் துறையின் முதன்மை நெறியாளர்’ அவர். அவருடைய விசிட்டிங் கார்டில் அந்தப் பட்டமே மூன்று வரியை அடைத்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கடிகாரம் என்றார்கள். அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

கடிகாரத்துக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். கூடவே இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டிருந்த அதற்கு, அவருடைய நாற்பத்திரண்டாவது வயதில்தான் ஒரு மனநல மருத்துவர் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு, என்று பெயர் சொன்னார். இரண்டுமே தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா. செய்ய வேண்டும் என்று நினைப்பதற்கும் செய்து முடிப்பதற்கும் நடுவே மற்றவர்கள் தலைக்குள் ஒரு சுவர் இருக்கும். கடிகாரத்தின் தலைக்குள் அந்தச் சுவரை எழுப்ப ஆள் வரவில்லை; நினைத்ததே செய்ததாகப் பதிந்துவிடும். அதனால் அக்கா ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் ‘போட்டாச்சு’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். அவர் மறந்தாலும் அவளுடைய போன் மறக்காது.

“என்ன ரெண்டு?... ரெண்டு மெசேஜா?... அது நெட்வொர்க்குக்கா. இந்தக் கட்டடத்துல எல்லாமே ரெண்டு தடவை போகும், சம்பளம் மட்டும்தான் ஒரு தடவை... சிரிக்க மாட்டியா?... சரி, நேரத்தைப் பாரு, ரெண்டும் ஒரே நேரமாத்தான் இருக்கும்... முதல்ல வந்தது பன்னெண்டு நாற்பது... ம்... அடுத்தது?... ஒண்ணு அஞ்சா?...”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபது.

பன்னிரண்டு நாற்பதுக்கு இந்த அறைக்குள் வந்து பூட்டிக்கொண்டது நினைவிருந்தது. ஏழாவது ஸ்லைடில் தலைப்பு நீலமாக இருப்பது உறுத்தியதும், அதைப் பச்சையாக்கியதும், பச்சை அதைவிட உறுத்தியதால் மறுபடி நீலமாக்கியதும் துல்லியமாக நினைவிருந்தது. நடுவில் அலாரம் அடித்தது. ஆகா, கடமை அழைக்கிறது என்று சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டதும், எந்த வேலையில் மூழ்கியிருந்தாலும் மறக்கவில்லை பார் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது. ஆக, அவருக்கு நினைவிருந்தது ஒரே ஓர் ஊசி. அது எந்த ஊசி என்பதுதான் தெரியவில்லை.

“இல்லக்கா, பதறாதே... எதுக்குக் கத்தற?... இன்சுலின் பேனா இங்கதான் மேசை மேல இருக்கு... கழட்டின ஊசியைப் போடற டப்பாவா? அதுவும் இருக்கு... ஐயோ, எண்ணணுமா? ஒண்ணாம் வகுப்புப் பையன் மாதிரி... சரி எண்றேன். ஒண்ணு...”

டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு குலுக்கிப் பார்த்தார், குலுக்கினால் எண்ணிக்கை குறையும் என்பதைப் போல.

“...ரெண்டு இருக்கு. ஒண்ணு நேத்தியதா இருக்கும்... புது டப்பாவா? யார் சொன்னா?... நானா?... காலையில நானே உன்கிட்ட சொன்னேனா, இன்னைக்குப் புது டப்பா எடுத்துட்டுப் போறேன்னு?... பரவாயில்லையே, நல்லாத்தான் திட்டம் போடறேன்... சரி, சரிக்கா. சிரிக்கல. பதினாலு யூனிட், இன்னொரு பதினாலு... ஆமா, மொத்தம் இருபத்தெட்டு... சாப்பாடா? சாப்பிடணும்... ‘சாப்பிட்டேன்’னு சொல்லல, ‘சாப்பிடணும்’னு சொன்னேன்... கீழ, ரெண்டாவது மாடியில, என் மேசைக்கடியில இருக்கு... சர்க்கரை பாக்கிற மெஷினும் அங்கதான். ரெண்டும் ஒரே பையில. அதுவும் நல்ல திட்டம்தானே?...”

அக்கா நீளமாக ஏதோ சொன்னாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே வெள்ளைப் பலகையின் உடைந்த காலை நிமிர்த்த முடியுமா என்று பார்த்தார். முடிந்தால் இடது பக்கம் வைத்து இரண்டு கருத்துகளை எழுதிக் காட்டலாம்.

“ஆமா... ஆமா... கேட்டுட்டுதான் இருக்கேன்... கடைசியா என்ன சொன்னியா? அது... சர்க்கரை தடால்னு இறங்கிடும். இனிப்பு. இனிப்பு சாப்பிடணும். இப்பவே. சரியா சொன்னேனா?... கை நடுங்கலைக்கா... வேர்க்குது. அது ஏசி இல்லாத ரூம், வேர்க்காம பின்ன பனியா கொட்டும்?”

அவர் தலைக்கு நேர் மேலே ஏசி குளிர்காற்றை ஊதிக்கொண்டிருந்தது. சுருட்டிய பேனரின் ஓரம் அதில் படபடத்தது.

“வெளிய போய்க் கேக்கறதா?... யாருகிட்ட?... அக்கா, உனக்குப் புரியல. வெளிய இருநூறு பேரு. முன் வரிசையில டைரக்டர். அவரோட சம்சாரம் வேற வந்திருக்காங்க. நான் போய் ‘எனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை வேணும், ஊசி போட்டதை மறந்துட்டு இன்னொரு தடவை போட்டுக்கிட்டேன்’னு சொல்றதா? இன்னைக்குத் தலைப்பு என்ன தெரியுமா?... ‘மறதி ஒரு நோயல்ல, ஒழுங்கீனம்’... நான்தான் வச்சேன்... ஆமா, எனக்கே தெரியும்... சிரிக்கறியா? அழறியா?... அழாதே.”

கதவுக்கு வெளியே, வருகைப் பதிவு மேசையில், குமாஸ்தா அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். போன மாதம் ஒரு கோப்பைக் கொண்டுவர மறந்தவள் அவள். அவளை மேடைக்கு அழைத்து, ‘மறந்துட்டேன்’ என்ற சொல்லை ஒலிபெருக்கியில் இருபது தடவை சொல்ல வைத்து, அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி செய்தவர் நம் நெறியாளர். எண்ணிக்கை பிசகக் கூடாதென்று விரலை மடக்கி எண்ணியவரும் அவர்தான். கதவைத் திறந்தால் முதலில் நிற்கப்போவது அவள் முன்னால்.

“சரி. போறேன்... சொன்னா கேப்பேன்க்கா, போறேன். ஆனா தலை சுத்துதுன்னு மட்டும் சொல்லுவேன். காரணம் சொல்ல மாட்டேன்... சரி, காரணமும் சொல்றேன். சர்க்கரை, ரெண்டு ஊசி, ஆம்புலன்ஸ். மூணே விஷயம். போனைக் கட் பண்ணல... இதோ கதவுகிட்ட வந்துட்டேன்... சாவி.”

பூட்டில் சாவி இல்லை.

“இங்கதான்க்கா வச்சேன். தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா ஒரு இடத்துல வச்சேன்... எந்த இடம்னு தெரிஞ்சா ஏன் தேடறேன்? பத்திரமான இடம்!... லேப்டாப் பையைக் கொட்டறேன், இரு.”

பை மேசைமேல் கவிழ்ந்தது. கடிகாரத்தின் வாழ்க்கையே கொட்டியதுபோல இருந்தது. மூன்று மூடியில்லாத பேனாக்கள், ஒரு ஒற்றைக் காலுறை, மூன்று மாதமாகத் தேடிய மூக்குக் கண்ணாடி, பல் மருத்துவரிடம் போக வேண்டிய தேதி தாண்டிப்போன சீட்டு, ‘கவனச் சிதறலை வெல்ல ஒன்பது வழிகள்’ என்ற அவருடைய சொந்தக் கையேடு.

“அக்கா! கண்ணாடி கிடைச்சிருச்சு! நீ வாங்கிக் குடுத்தியே, தங்க பிரேம்... அதை விடுன்னா எப்படி, எவ்வளவு நாளாத் தேடினேன்... சாவிதானே, தேடறேன், கத்தாதே... இந்தக் கையேட்டுல ஒரு எழுத்துப் பிழை இருக்கு. நாலாவது வழியில... சரி, மூடி வச்சுட்டேன்... அக்கா, இரு. இரு இரு. குளுக்கோஸ் பாக்கெட்!... ஆமாக்கா, நீ சட்டைப் பையிலயே வச்சுக்கச் சொன்னியே, அதேதான். பைக்குள்ள வந்து கிடக்குது... பிரிக்கறேன். அப்படியே வாயில கொட்டிக்கறேன். அப்பாடா. பாத்தியா, எல்லாம் நல்லபடியா...”

பாக்கெட்டின் முனையைப் பல்லில் கடித்தார். வழவழத்த தாள், வேர்த்த விரலில் நழுவியது. இன்னொரு தடவை கடிக்கக் குனிந்தபோது, மேசையில் திறந்திருந்த மடிக்கணினியின் திரை கண்ணில் பட்டது. ஏழாவது ஸ்லைடு. நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் தேவலை. இரண்டு கையும் தேவைப்பட்டதால் பாக்கெட்டை மேசை ஓரத்தில் வைத்தார்.

“...சாப்பிட்டாச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த இனிப்பு நாக்கில் கரைந்ததுகூட அவருக்கு நினைவிருந்தது.

“சாப்பிட்டாச்சுன்னு சொல்றேன்ல?... வாயில போட்டேனா, மேசையில போட்டேனாவா? என்னக்கா கேள்வி இது? நான் என்ன குழந்தையா?... பாக்கெட் காலியான்னு எதுக்குப் பாக்கணும்? சாப்பிட்டா காலியாத்தான் இருக்கும்... எனக்குக் கோபம் வரல. நீதான் கோபப்படற. காலையிலேருந்து எல்லாரும் என்கிட்ட... ஆமா... இல்ல... என்ன கேட்ட?”

எழுத்துகள் ஸ்லைடை விட்டு மெல்ல எழுந்து நிற்பதுபோல இருந்தது. உதட்டைச் சுற்றி மரத்துப்போயிருந்தது. அவர் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அது பாதிதான் விரிந்திருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டு, தரை வசதியாக இருக்கிறது என்று முடிவு செய்தார்.

“ஆபீஸ் நம்பரா?... எதுக்கு, என்கிட்டதானே பேசிட்டிருக்க... கார்டு குடுத்தேனே. அதுல இருக்கும்... இல்லையா? ஓ, பட்டம் பெருசாயிருச்சு, நம்பருக்கு இடமில்லன்னு அச்சகத்துக்காரரு எடுத்துட்டாரு. நான்தான் சரின்னேன்... எழுதிக்கோ. ரெண்டு நாலு... ரெண்டு நாலு ஏழு... ஏழுதான்... கடைசி எண்ணு மூணு. இல்ல, எட்டு. மூணும் எட்டும் ஒரே மாதிரிதானே இருக்கும், ஒண்ணுக்கு மட்டும் வாய் திறந்திருக்கும்... ரெண்டுக்கும் போட்டுப் பாக்கறியா? பாரு பாரு... நாலாவது மாடி, சாமான் ரூம்... ஆமா, பூட்டியிருக்கு... ஆமா... ஆமா மேடம்.”

அக்காவை மேடம் என்றது அவருக்கு உறைக்கவில்லை. மறுமுனையில் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

“மேடம், நேரம்ங்கறது என்ன? நாம வீணாக்கினா திரும்பி வருமா?... வராது. சரியா சொன்னீங்க. மறதிங்கறது நோயா?... இல்ல. அப்ப என்ன?... எல்லாரும் சேர்ந்து சொல்லணும்... முன் வரிசையில சத்தமே வரலையே...”

அரங்கிலிருந்து வரவேற்புரைக்கான கைத்தட்டல் சுவரைத் தாண்டி மங்கலாகக் கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். பிறகு போனைக் காதுக்கு இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டார். மேசையின் ஓரத்தில் குளுக்கோஸ் பாக்கெட், பல் பட்ட தடத்தோடு, பிரிக்காமல் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

“இல்லக்கா, தூங்கல... கண்ணைத்தான் மூடியிருக்கேன்... ம்... அப்படியா?... அதுவும் சரிதான்... நீ சொன்னா நான் எதைத் தட்டினேன், சொல்லு... ம்...”

கதவுக் கைப்பிடி வெளியிலிருந்து ஒருமுறை கீழே இறங்கி மேலே வந்தது. யாரோ தட்டினார்கள். மென்மையாக இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, பலமாக நாலு. பிறகு உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். ஒரு பெண் குரல் அவருடைய பட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு, அவர் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டது. அந்தக் குரல் எங்கோ கேட்டதாக இருந்தது. ஒலிபெருக்கியில் கேட்டது. என்ன சொன்ன குரல் என்பதுதான் பிடிபடவில்லை.

“வெளிய யாரோ கதவைத் தட்டறாங்கக்கா... மரியாதை தெரியாதவங்க. ஒருத்தர் போன்ல முக்கியமா பேசிட்டிருக்கும்போது... நீ அதைக் கண்டுக்காதே...”

கதவு அதிர்ந்தது. இப்போது இரண்டு மூன்று பேர் தோளைக் கொடுத்து முட்டும் சத்தம். நாலாவது மாடியின் சாமான் அறைக்கு, நிர்வாகம் போன வருடம்தான் இரும்புக் கதவு போட்டிருந்தது. அதற்கான கோரிக்கைக் கடிதத்தில் இருந்தது நெறியாளரின் கையெழுத்து.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். காதோடு ஒட்டியிருந்த போனின் திரை இருட்டாக இருந்தது. ஆபீஸைக் கூப்பிடுவதற்காக, அந்த ‘மேடம்’ காதில் விழுந்த அடுத்த நொடியே, நாலு நிமிடத்துக்கு முன்னால், அக்கா இணைப்பைத் துண்டித்திருந்தாள்.

“நீ சொல்லுக்கா... ம்... ம்... ஆமா... கேட்டுட்டுதான் இருக்கேன்...”