மூடுபனியில் நாம் அழைத்து வந்த எதிரணி

இந்த அவையைக் கண் அசைவிலேயே அடக்கி ஆளும் தலைவர் ஸ்லாவ்கா அவர்களே, நம் ஆடுகளத்தின் ஓரம் நின்று நின்றே தலை நரைத்த பெரியோர்களே, கோல் விழுந்தால் மலையே திரும்பிப் பார்க்கும்படி குரல் கொடுக்கும் தாய்மார்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பிரிவுக்கு ஏறும் ஆட்டத்தை ஆடப்போகும் மகளிர் அணித் தலைவி ரைனா அவர்களே, பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இந்த விச்சோ எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் ரைனாவின் தந்தை, என் நண்பன் பாய்கோ அவர்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

இன்று கை தூக்கி ஒரு முடிவு சொல்லப்போகிறோம். மேற்கே பெரிய அணிகள் சில சேர்ந்து, தமக்கென்று தனியாக ஒரு லீக் தொடங்குகின்றன. உள்ளே இருப்பவர் தோற்றாலும் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டாம். வெளியே நிற்பவர் வென்றாலும் ஏற முடியாது. அந்த அணிகளில் ஒன்று நம்மிடம் ஆள் அனுப்பியிருக்கிறது. நம் பெலா ஸ்கலா கால்பந்து மன்றம் அவர்களுடைய கிளையாக வேண்டுமாம். அவர்கள் சட்டையை நாம் அணிய வேண்டுமாம். மேலே ஏறும் போட்டிகளிலிருந்து ஆண்களும் பெண்களும் இன்றே விலக வேண்டுமாம். பதிலுக்கு, நம் பார்வையாளர் படிகளுக்குக் கூரை போட்டுத் தருவார்களாம்.

என்ன பாய்கோ? உரக்கச் சொல்.

"கூரை வேணாமாண்ணே? நனைஞ்சு நனைஞ்சு என் முட்டி ரெண்டும் போச்சு. நீ பேசுற மேடைக்கு மட்டும் மேல கூரை இருக்கு."

சிரியுங்கள். அவன் கேட்டது நியாயம். கூரை வேண்டும்தான். ஆனால் எதைக் கொடுத்து?

நாட்டின் கோப்பையை வென்று, ஐரோப்பியப் போட்டிக்குள் நாம் கால் வைத்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். இன்று ஆள் அனுப்பிய அதே அணிதான் அன்று நம் எதிரணி. அவர்கள் ஊரில் நடந்த முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்கு இங்கே பேருந்தில் மலை ஏறத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கில் மூடுபனி. மேலே நம் களத்தில் நல்ல வெயில். பந்து வந்துவிட்டது, நடுவர் வந்துவிட்டார், நாம் வந்துவிட்டோம். எதிரணி வரவில்லை. இன்னும் அரை மணி பார்ப்பேன், வராவிட்டால் வெற்றி உங்களுக்கு என்றார் நடுவர். தொப்பிகள் வானத்தில் பறந்தன.

அப்போது வாசலில் தட்டோடு நின்றார் இன்றைய நம் தலைவர்.

"தொப்பிய எடுத்து மாட்டுங்கடா. விருந்தாளிக்குன்னு ரொட்டி சுட்டு, உப்பும் வச்சுக்கிட்டு நிக்கிறேன். இத யாருக்குக் குடுக்கறது, நடுவருக்கா? போய்க் கூட்டிட்டு வாங்க."

"வந்தா நம்மள ஒதச்சுட்டுப் போவானுங்கக்கா," என்றான் ஒருவன். யார் என்று சொல்லமாட்டேன். பின்வரிசையில் இருக்கிறான்.

"ஒதைக்கட்டும். சாப்பிட்டுட்டு ஒதைக்கட்டும்."

போனோம். நம் மந்தை ஆடுகளின் கழுத்து மணிகளைக் கழற்றிக்கொண்டு, வளைவுக்கு ஒருவராக நின்று ஆட்டினோம். கண்ணை நம்ப முடியாத ஓட்டுநர் காதை நம்பி, மணிக்கு மணி, வளைவுக்கு வளைவு, மெல்ல மெல்ல மலை ஏறி வந்தார். வந்தவர்கள் ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டுத் தின்றார்கள். பிறகு ஆடினார்கள். பிறகு தோற்றார்கள்.

பாய்கோ, அந்த ஒற்றைக் கோலைப் போட்டது யார்?

"நான்தான். ஊருக்கே தெரியுமே."

அந்த அரை மணி நேரம் நாம் சும்மா நின்றிருந்தால்?

"கோல் ஏது? காகிதத்துல ஜெயிச்சிருப்போம். சரி, அடுத்த சுத்துல வாங்கின அடியையும் சொல்லுண்ணே."

சொல்கிறேன். அது நாம் ஏறிப்போய் வாங்கிய அடி. அந்த அடிக்கும் எனக்குப் பெருமைதான்.

ஒன்றுமில்லாத நாம், மூடிக்கிடந்த பாதையை எதிரிக்குத் திறந்துவிட்டோம். எல்லாம் உள்ள அவர்கள் ஏன் பாதையை மூடுகிறார்கள்? பணம் போதவில்லையா? புகழ் போதவில்லையா? இல்லை. எங்கோ ஒரு மலையில் ஒரு பாய்கோ இன்னொரு கோல் போட்டுவிடுவான் என்ற பயம் போகவில்லை. தோற்றால் இறங்குவோம் என்ற பயமும், வென்றால் ஏறுவோம் என்ற ஆசையும் இல்லாத ஆட்டத்தை யார் நகம் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள்? அந்த லீக் வந்தால் ஐரோப்பாவின் கால்பந்தில் ஓட்டம் இருக்கும், உயிர் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ரைனா தோற்கலாம். ஆனால் ஆடித்தான் தோற்க வேண்டும். ரைனா எழுந்துவிட்டாள். பேசு தாயே.

"அப்பா, முட்டிக்கு நான் தைலம் தேச்சு விடறேன். நீ கைய மட்டும் தூக்காத."

"போதும் விச்சோ," என்கிறார் தலைவர். "விட்டா விடியற வரைக்கும் பேசுவே. கிளையாக சம்மதம்ங்கறவங்க கைய தூக்குங்க."

அவையோரே, மேடையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிகிறது. முன்வரிசையில் கை இல்லை. நடுவிலும் இல்லை. பின்வரிசையில் பாய்கோ கட்டிய கையை அவிழ்க்கிறான். கை மெல்ல அசைகிறது. குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை குடையோடு வாருங்கள். மணிகளையும் எடுத்து வாருங்கள், மலையில் பனி இறங்கினாலும் இறங்கும். வணக்கம்.